தரையின் சொற்களும் காயலின் சொல்லும்: கூட்டத்தைக் குறிக்கும் பெயர்கள் பற்றி

தமிழகத்திலிருந்து பேருந்தில் வந்து கொச்சியின் வைட்டிலாவில் இறங்கும் ஒருவர் மலையாள எழுத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவராயின், சுவரொட்டிகளில் அவரைத் தடுமாறச் செய்யும் சொற்களுள் ஒன்று 'யோகம்'. 'பொதுயோகம்', 'பிரதிஷேத யோகம்', 'அனுசோசன யோகம்' என்று அது பல முன்னொட்டுகளுடன் வரும். தமிழில் யோகம் என்றால் நல்லூழ், அல்லது ஆசனமும் மூச்சுப் பயிற்சியும். லாட்டரிச் சீட்டு தெருதோறும் விற்கும் கேரளத்தில் நல்லூழ் என்ற பொருளும் பொருந்தாமற் போகாது. ஆனால் 'அனுசோசன யோகம்' என்பது இரங்கற்கூட்டம். 'பிரதிஷேத யோகம்' கண்டனக் கூட்டம். மலையாளத்தில் யோகம் என்பது மக்கள் கூடுதல். 'சேர்த்தல், பிணைத்தல்' என்னும் வடமொழி வேர்ப்பொருள் அங்கே அப்படியே நிற்கிறது. தமிழிலோ அது கோள்களின் சேர்க்கை வழியாக நல்லூழுக்குச் சென்றுவிட்டது.

ஒரு சொல் இரு மொழிகளில் இரு வழி பிரிவது புதுமையன்று. தமிழும் மலையாளமும் கூட்டத்தைக் குறிக்க வைத்திருக்கும் சொற்கள் பலவற்றையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான் வேறொரு செய்தி புலப்படுகிறது. அவற்றுள் பழையவை பெரும்பாலும் இடப்பெயர்கள். மக்கள் கூடும் நிலத்தின் பெயரே கூடுகின்ற மக்களுக்கும் ஆகியிருக்கிறது. அப்படியானால் நிலம் மறுக்கப்பட்டவர்களின் கூட்டத்திற்கு என்ன பெயர்? கொச்சியின் வரலாற்றில் 1913ஆம் ஆண்டு இக்கேள்விக்கு ஒரு விடை தருகிறது. அதற்கு முன் அந்த நிலச் சொற்களை நின்று பார்க்க வேண்டும்.

சங்க இலக்கியம் காட்டும் 'மன்று', 'மன்றம்' என்பன ஊர் நடுவே மரத்தடியில் அமைந்த வெளி. 'பொதியில்' என்பது பொது இல்லம். தூணும் தெய்வமும் உடைய அம்பலம். 'அம்பலம்' என்ற சொல்லும் திறந்த பொது இடத்தைக் குறித்ததே. தமிழில் அது தில்லையிலும், 'அம்பலக்காரர்' என்ற ஊர்த்தலைமைப் பட்டத்திலும், 'அம்பலமாயிற்று' என்ற பேச்சு வழக்கிலும் வாழ்கிறது. மலையாளத்தில் அம்பலம் என்றால் கோயில். வழிப்போக்கர் தங்கும் சாவடிக்கு 'வழியம்பலம்' என்று பெயர். ஒரே சொல் ஓரிடத்தில் கருவறை வரை சென்றுவிட்டது, இன்னோரிடத்தில் தெருவிலேயே நிற்கிறது.

'அவை' மட்டும் இந்த வரிசையில் சற்று விலகியது. வடமொழியின் 'ஸபா' பாகதம் வழியாக மிகப் பழங்காலத்திலேயே தமிழுக்கு வந்த வடிவம் அது என்பது பரவலான கருத்து. பிற்காலத்தில் அதே சொல் 'சபை' என்று மீண்டும் வந்தது. முதலில் வந்தது வீட்டுப்பிள்ளையாகிவிட்டது, பின்னர் வந்தது விருந்தாளியாகவே எண்ணப்படுகிறது. தனித்தமிழார் சபையை நீக்கிப் பேரவையை அமர்த்தியபோது, மூத்தவரைக் கொண்டு இளையவரை வெளியேற்றியதாகவே அது முடிந்தது.

'கழகம்' பட்ட பாடு தனியே எழுதத்தக்கது. திருக்குறளில் சூது பற்றிய அதிகாரத்தில் அது சூதாடும் இடம். கேரளத்தின் தோற்றத் தொன்மங்களைத் தொகுத்த கேரளோற்பத்தியில் அது நம்பூதிரிப் பிராமணரின் ஆட்சிக் குழு. நான்கு கழகங்கள் நாட்டை ஆண்டதாக அந்நூல் கூறும். இன்றைய கேரளக் கோயில்களில் கழகம் என்பது மாலை தொடுத்தல் முதலான கோயிற்பணி. தமிழ்நாட்டிலோ 1944இல் திராவிடர் கழகம் தோன்றியபின் அது முதன்மையாக அரசியல் கட்சி, அத்துடன் பல்கலைக்கழகம். சூதாடுமிடம் பல்கலைக்கழகமான கதையைத் தமிழாசிரியர்கள் வகுப்பில் சிரித்துக்கொண்டே சொல்வதுண்டு.

சோழர் காலக் கல்வெட்டுகளுக்கு வரும்போது இடமும் கூட்டமும் ஒன்றாதல் முழுமையடைகிறது. 'ஊர்' என்பது குடியிருப்பு. வேளாண் நிலமுடையோரின் அவையும் அதுவே. 'நாடு' என்பது பல ஊர்கள் கொண்ட நிலப்பகுதி. அப்பகுதியின் நாட்டார் கூடிய அவையும் அதுவே. 'நகரம்' வணிகர் வாழிடம். வணிகர் அவையும் அதுவே. நாடு கடந்து விரிந்த வேளாண் பெருமக்களின் அமைப்பு 'சித்திரமேழிப் பெரியநாடு' எனப்பட்டது. 'பெரிய நாடு கூடியது' என்றால் நிலம் நகர்ந்து வந்து உட்கார்ந்தது என்று எவரும் மயங்கவில்லை. இருபதாம் நூற்றாண்டில் 'மாநாடு' என்று சொல்லத் தொடங்கியவர்களும் அப்படி மயங்கவில்லை. செங்கல்பட்டில் 1929இல் கூடிய சுயமரியாதை மாநாட்டின் பெயரிலும் அந்தப் பழைய 'நாடு' இருக்கிறது. மேழி பிடித்தோரின் பெரியநாட்டுக்கும் அதற்கும் கொள்கையளவில் எவ்வளவு தொலைவு என்பது வேறு செய்தி.

பிராமண ஊர்களின் அவைக்குச் 'சபை', 'மகாசபை' என்று பெயர். உத்தரமேரூரின் முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டு குடவோலை முறையை விரித்துரைப்பதால் பள்ளிப் பாடநூல் வரை புகழ்பெற்றது. அதில் வாரியத்திற்குப் பெயர் எழுதப்பட வேண்டியவர்க்குரிய தகுதிகளுள் முதலாவதாக நிற்பது நிலம். கால் வேலிக்கு மேற்பட்ட வரி செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருக்க வேண்டும். கி.பி. 921ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி வயது 35க்கு மேல், 70க்குள் இருக்க வேண்டும். இந்தியச் சனநாயகத்தின் தொன்மைக்குச் சான்றாக இக்கல்வெட்டை எடுத்துக்காட்டுவோர் குடவோலையைப் பற்றிப் பேசுமளவுக்குக் கால் வேலியைப் பற்றிப் பேசுவதில்லை. நிலமில்லாதவனின் பெயர் அந்தக் குடத்துக்குள் விழவே வழியில்லை.

அதே சோழர் காலத்தில், தஞ்சைப் பெரியகோயிலின் இராசராசன் கல்வெட்டுகள் ஊர்களின் இறையிலி நிலங்களைக் கணக்கிடும்போது 'பறைச்சேரி', 'தீண்டாச்சேரி' ஆகியவற்றைக் குறிக்கின்றன. உத்தரமேரூரில் 'சேரி' என்பது பிராமணர் வாழ்ந்த பகுதிகளுக்கும் பெயர். அங்கே இழிபொருள் இல்லை. பிற்காலத் தமிழில் சேரி ஒரு பொருளுக்கே சுருங்கியது. 'ஊரும் சேரியும்' என்னும் இணை நிலைத்தது. ஊர் என்பது அவையின் பெயராகவும் இருந்ததை நினைவிற்கொண்டால், 'ஊருக்கு வெளியே' என்ற தொடரின் முழுக்கனமும் விளங்கும். ஊர் கூடியது என்றால் சேரி கூடவில்லை என்பது அதிலேயே அடங்கும்.

மலைக்கு அப்பால் நிலைமை வேறன்று. சேரப் பெருமாள்கள் காலத்துக் கேரளக் கல்வெட்டுகளில் கோயிலைச் சூழ்ந்த நில உடைமையாளர் அவை 'ஊர்', உறுப்பினர் 'ஊராளர்', அலுவலர் 'பொதுவாள்'. 'பரிஷத்' என்பதன் தமிழ் வடிவான 'பரடை'யும் உண்டு. முடிவுகள் 'அவிரோதத்தால்', அதாவது எதிர்ப்பின்றி, எடுக்கப்பட்டதாகக் கல்வெட்டுகள் கூறும். உத்தரமேரூரின் குடவோலைக்கு நேரெதிரான வழி இது; எல்லோரும் ஒத்தால்தான் முடிவு. எதிர்க்கக்கூடியவர்கள் அவைக்குள் இல்லாதபோது அவிரோதம் எளிது. இன்றைய எறணாகுளம் மாவட்டத்திலுள்ள மூழிக்களத்தில் உருவான கோயில் நிருவாக நெறிமுறை 'மூழிக்களக் கச்சம்' என்று பிற கோயில்களிலும் மேற்கோளாயிற்று.

பிற்காலத்தில் நாயர் குடியிருப்பின் அடிப்படை அலகு 'தற'. அதன் கூட்டம் 'தறக்கூட்டம்'. பல தறைகள் சேர்ந்தது 'நாட்டுக்கூட்டம்'. மலபாரின் ஆட்சியராக இருந்த வில்லியம் லோகன் 1887இல் வெளியிட்ட மலபார்க் கையேட்டில் இந்த நாட்டுக்கூட்டங்களை அரசனின் அதிகாரத்திற்குக் கடிவாளமாக நின்ற ஒருவகை நாடாளுமன்றமாகவே கண்டார். அது ஓரளவு மிகை. எனினும் சொல் கவனிக்கத்தக்கது. 'தற' என்றால் தரை, மேடையிட்ட தரை. தரையுடையோர் தரையில் கூடினர்.

யோகம் இவற்றிற்கு நடுவே வளர்ந்த சொல். திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலை நிருவகித்தது 'எட்டரை யோகம்'. எட்டுப் பேர்க்கு முழு வாக்கு, அரசனுக்கு அரை வாக்கு என்று அந்த அரைக்கு விளக்கம் கூறுவர். சிரியக் கிறித்தவர்களின் ஊர்க்கோயில் அவை 'பள்ளியோகம்'. அருவிப்புறத்தில் சிவலிங்கம் நிறுவிய ஸ்ரீ நாராயண குருவைச் சூழ்ந்து உருவான கோயில் யோகம், 1903இல் ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகமாக விரிந்தது. கோயிலுக்குள் விடப்படாத ஈழவர், கோயில் நிருவாகத்தின் சொல்லையே எடுத்துத் தம் இயக்கத்திற்குச் சூட்டினர். வைட்டிலாவின் சுவரொட்டியிலுள்ள யோகத்தின் முன்வரலாறு இத்தனை.

மட்டாஞ்சேரியில் இந்த விதிக்கு விலக்குகள் கிடைக்கின்றன. கடல் வழியாக வந்தவர்களின் ஊர் அது. அங்குள்ள பரதேசி யூதக் கோயில் 1568இல் கட்டப்பட்டது. மலையாளி அதை 'யூதப்பள்ளி' என்பார். கிறித்தவப் பள்ளி, முஸ்லிம் பள்ளி என்பதுபோல அதுவும் பள்ளி. சமணர் வாழிடத்தையும் கல்விக்கூடத்தையும் தமிழில் குறித்து வந்த இடச்சொல் அது. யூதர்களின் சொல்லோ வேறு திசையில் இயங்குகிறது. 'சினகாக்' என்பது கிரேக்கத்தில் 'ஒன்றுகூட்டுதல்'. எபிரேயத்தில் அதற்குரிய பெயர் 'கூடுதலின் வீடு' என்று பொருள்படும். ஏதென்சு நகரின் குடிமக்கள் அவையைக் குறித்த 'எக்லீசியா' என்னும் கிரேக்கச் சொல், கிறித்தவத்தில் திருச்சபையைக் குறித்துப் பின் பல ஐரோப்பிய மொழிகளில் தேவாலயக் கட்டடத்தின் பெயரானது. அங்கெல்லாம் கூட்டம் கட்டடத்திற்குப் பெயர் தந்தது. தமிழ் மலையாள நிலத்திலோ இடம் கூட்டத்திற்குப் பெயர் தந்தது. சிதறிப்போன ஒரு மக்களுக்கு எந்த மண்ணில் நின்றாலும் கூடுவதே கோயில். மண்ணை விட்டு நகராத வேளாண் குடிக்கு மண்ணே அவை. இதை வாய்பாடாக்கிவிடக் கூடாது. ஆயினும் வேறுபாடு தற்செயலாகத் தோன்றவில்லை.

அந்தப் பரதேசி யூதர்கள் போற்றிக் காத்து வந்த செப்பேடு, சேரமன்னன் பாஸ்கர ரவி ஏறத்தாழ கி.பி. 1000இல் யோசேப்பு ரப்பானுக்கு வழங்கியது. எழுத்து வட்டெழுத்து. மொழியைத் தமிழர் தமிழ் என்பர், மலையாளிகள் பழைய மலையாளம் என்பர். அந்த வழக்கு இங்கே வேண்டாம். எழுபத்திரண்டு உரிமைகளுடன் ரப்பானுக்குக் கிடைத்தது 'அஞ்சுவண்ணம்'. இதே சொல் கி.பி. 849ஆம் ஆண்டைச் சேர்ந்த கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் மணிக்கிராமத்துடன் சேர்ந்து வருகிறது. தமிழகக் கடற்கரைக் கல்வெட்டுகளிலும் வருகிறது. ஐந்து சாதி என்றும் ஐந்து நிறம் என்றும் இதற்கு நெடுங்காலம் பொருள் கூறிவந்தனர். கல்வெட்டறிஞர் எ. சுப்பராயலு உள்ளிட்டோர் நிறுவிய விளக்கம் வேறு: பாரசீகத்தில் கூட்டம், அவை என்று பொருள்படும் 'அஞ்சுமன்' என்ற சொல்லே தமிழ் நாவில் அஞ்சுவண்ணமாயிற்று, மேற்காசியாவிலிருந்து வந்த வணிகர் குழுவின் பெயர் அது. பல நூற்றாண்டுகள் கழித்து உருது வழியாக 'அஞ்சுமன்' தமிழகத்திற்கு மீண்டும் வந்து முஸ்லிம் கல்விச் சங்கங்களின் பெயராக அமர்ந்தபோது, அது முன்பே இங்கு வந்து வேறுடை அணிந்து வாழ்ந்த சொல் என்பதை எவரும் அறிந்திருக்கவில்லை. அவையும் சபையும் போலவே இதுவும் இருமுறை வந்த சொல்.

கப்பலில் வந்த சொல்லுக்குத் தரை தேவையில்லை. ஆனால் அரசனின் செப்பேடு தேவைப்பட்டது.

மட்டாஞ்சேரியின் இன்னொரு பெருங்கூட்டம் 1653ஆம் ஆண்டு சனவரி 3ஆம் நாள் நிகழ்ந்தது. போர்த்துக்கீசியரின் சமய அதிகாரத்திற்கு இனிக் கட்டுப்படோம் என்று தோமா கிறித்தவர்கள் சூளுரைத்த நாள். திரண்டவர் அனைவரும் சிலுவையைத் தொட இயலாமையால் அதில் கயிறுகளைக் கட்டி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு சூளுரைத்தனர் என்பது மரபு. பாரம் தாங்காமல் சிலுவை வளைந்ததாகவும் சொல்வர். 'கூனன் குரிசு சத்தியம்' என்று அது பெயர் பெற்றது. பள்ளிக்குள் அடங்காத கூட்டம், கயிற்றின் நீளத்திற்குத் தன் இடத்தை நீட்டிக்கொண்டது. அவ்வாண்டு மே மாதம் ஆலங்காட்டில் கூடித் தம் அர்ச்சிடயாக்கன் தோமாவை ஆயராக்கும் துணிவை அவர்களுக்கு அளித்தது இந்தக் கூட்டமே. இத்தகைய கூட்டம் கூட அவர்களுக்கு ஒரு முற்றம் இருந்தது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அந்த முற்றம் இல்லாதவர்கள் இதே ஊரில் இருந்தனர். 'வைட்டிலா' என்ற பெயரே 'வயல்தல' என்பதன் திரிபு என்பது அங்கு வழங்கும் விளக்கம், வயலின் தலைப்பகுதி. அரை நூற்றாண்டுக்கு முன்புவரை அது நெல் விளைந்த நிலம். கொச்சியைச் சுற்றிய உப்பங்கழி வயல்களில் வரப்பிட்டு, நீர் இறைத்து, விதைத்து, அறுத்தவர்கள் புலையர். புலம் என்னும் வயற்பெயரிலிருந்து இச்சாதிப்பெயர் வந்தது என்போர் ஒருபுறம், தீட்டைக் குறிக்கும் புலையிலிருந்து வந்தது என்போர் மறுபுறம். இரண்டுமே அவர்கள் வாழ்ந்த வாழ்வுக்குப் பொருந்திவருவது மொழியியலுக்கு உதவாத உண்மை. கொச்சி அரசில் அடிமைமுறை 1854இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதன்பின் அரை நூற்றாண்டு கடந்தும் எறணாகுளத்தின் பொதுவழிகளில் அவர்கள் நடக்க இயலவில்லை. வயலை ஆக்கியவர்களுக்கு வயலின் தலைமாட்டில் கூடி உட்கார உரிமை இல்லை.

1913இல் கொச்சிப் புலையர் தமக்கென ஓர் அமைப்பைத் தொடங்க முனைந்தனர். அவர்களுடன் நின்றவர் பண்டிட் கே. பி. கருப்பன். சேராநல்லூரில் 1885இல் பிறந்தவர். மீன்பிடி மரபினரான வாலர் குலத்தவர். வடமொழி கற்றுத் தேர்ந்து எறணாகுளத்தில் ஆசிரியரானவர். சாதியை நேரடியாகக் கேள்வி கேட்கும் 'ஜாதிக்கும்மி'யின் ஆசிரியர். புலையர் தரப்பில் முன்னின்றவர்களுள் கிருஷ்ணாதி ஆசான் குறிப்பிடத்தக்கவர். கூட்டத்திற்கு இடம் கிடைக்கவில்லை. நிலக்கிழார் எவரும் தம் நிலத்தில் புலையர் திரள இடந்தரவில்லை. அரசுக்குரிய தரையிலும் கூட முடியவில்லை. காயலுக்கு உடைமையாளர் இல்லை. ஆகவே போள்காட்டித் தீவையொட்டிய காயலில் வள்ளங்களைக் கொண்டுவந்து, ஒன்றோடொன்று பிணைத்து, மேலே பலகை பரப்பி, மிதக்கும் மேடை ஒன்றை அமைத்து அதில் கூடினர். பிரித்தானிய ரெசிடென்டின் மாளிகை இருந்த தீவு அது. அரசனின் ஆணை தரையோடு முடிந்தது. அதற்கு அப்பால் நீர்.

கேரள வரலாற்றெழுத்தில் இக்கூட்டத்திற்கு நிலைத்த பெயர் 'காயல் சம்மேளனம்'. இப்பெயரின் இரு பகுதிகளையும் தனித்தனியே பார்க்கலாம். முதற்பகுதி பழைய மரபின்படியே அமைந்தது: இடத்தின் பெயர். மன்றில் கூடியது மன்றம், தறயில் கூடியது தறக்கூட்டம், காயலில் கூடியது காயல் சம்மேளனம். நிலத்தின் பெயரால் கூட்டத்தை அழைக்கும் இம்மரபு, நிலமற்றவர்களிடம் வந்தபோது நீரின் பெயரைத் தந்திருக்கிறது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. மன்றமும் ஊரும் நாடும் அங்கு கூடியோரின் உடைமையைச் சொல்கின்றன. காயலோ அங்கு கூடியோருக்கு மறுக்கப்பட்டதைச் சொல்கிறது.

இரண்டாம் பகுதி வடசொல். 'சம்' என்பது ஒருங்கு. 'மேளனம்' என்பது கலத்தல், சந்தித்தல். தீண்டாமையும் காணாமையும் வழக்கமாயிருந்த ஊரில் கலத்தலைக் குறிக்கும் சொல் கூட்டத்தின் பெயரானது. பெயரிட்டவர்கள் வேர்ச்சொல்லை ஆராய்ந்திருக்க வேண்டியதில்லை. அக்கால மலையாள இதழ்மொழியில் பெருங்கூட்டத்திற்கு உரிய மதிப்பான சொல் அது, அவ்வளவே. தமிழில் இன்று சம்மேளனம் பெரும்பாலும் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் பெயர்ப்பலகையில் ஒதுங்கிவிட்டது. மலையாளத்தில் அது இன்னும் மாநாட்டின் அன்றாடச் சொல்.

அங்கே உருவான அமைப்பு புலைய மகாசபை. அதன் பெயரும் ஆராயத்தக்கது. கருப்பன் 1910 முதலாகக் கடலோரச் சமூகங்களுக்காக ஊர்தோறும் தொடங்கிய அமைப்புகளின் பெயர்கள் எல்லாம் இவ்வகையினவே: வாலசமுதாய பரிஷ்காரிணி சபை, கல்யாணதாயினி சபை, ஞானோதயம் சபை, பிரபோத சந்திரோதயம் சபை. வலைவீசுவோரின் ஊர்க்கூட்டத்திற்குப் 'பிரபோத சந்திரோதயம்' என்று பெயரிட்டால் இன்றைய தமிழ் வாசகர் புன்னகைக்கக்கூடும். ஆனால் 'சபை' பிரமதேயத்தின் சொல். 'மகாசபை' உத்தரமேரூரின் சொல். தமிழகத்தில் இதே காலத்தை ஒட்டி நிகழ்ந்ததும் இதுவே. 1884இல் மேல்தட்டினர் சென்னை மகாஜன சபையைத் தொடங்கினர். 1891இல் அயோத்திதாசர் நீலகிரியில் திராவிட மகாஜன சபையைக் கூட்டினார். இரட்டைமலை சீனிவாசன் பறையர் மகாஜன சபையை உருவாக்கினார். 'மகாஜனங்கள்' என்பது கன்னட நாட்டுக் கல்வெட்டுகளில் அக்கிரகாரப் பிராமணக் குழுவின் பெயர். பெருமக்கள் என்று பொருள்படும் அந்தச் சொல்லுக்கு முன்னால் 'பறையர்' என்ற சொல்லை வைத்தது, அன்றைய காதுகளில் எப்படி ஒலித்திருக்கும் என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும். திருவிதாங்கூரில் அய்யன்காளி 1907இல் தொடங்கியது சாது ஜன பரிபாலன சங்கம். சங்கமும் தரையோடு ஒட்டாத சொல். பௌத்தத் துறவியரோடு நடந்து வந்தது.

வடசொற்களின் ஆதிக்கம் பற்றிய நம் வழக்கமான கதையில் இதற்கு இடமில்லை. அக்கதையின்படி மன்றமும் ஊரும் மக்களின் சொற்கள், சபையும் சம்மேளனமும் மேலிருந்து திணிக்கப்பட்டவை. சட்டசபை சட்டமன்றமானதை விடுதலையாகவே தமிழ்நாடு கொண்டாடியது. கேரளம் இன்றும் நியமசபை என்றே அழைக்கிறது. ஆனால் 1891இலும் 1913இலும் நின்று பார்த்தால், விலக்கப்பட்டவர்க்கு ஊர் என்ற சொல்லே மூடிய கதவு. ஊர்க்கூட்டம் என்று அவர்கள் தம் கூட்டத்தை அழைக்க முடியாது. அந்தச் சொல்லின் பொருளே அவர்களை வெளியே நிறுத்தியது. நாட்டுக்கூட்டம் என்றும் அழைக்க முடியாது. தறக்கூட்டத்திற்கோ தறை இல்லை. எந்த மண்ணோடும் வேர்கொள்ளாத சொற்களே வள்ளத்தில் ஏற்றத்தக்கவையாக இருந்தன. பிராமணரின் சொல் என்பது அவற்றை எடுக்கத் தடையாக இருக்கவில்லை. எடுத்ததன் சுவையே அதில்தான் இருந்திருக்கக்கூடும். தூய தமிழ்ச் சொற்களுக்குள் நில உடைமையின் வரலாறு எவ்வளவு படிந்திருக்கிறது என்பதைச் சொல்லாராய்ச்சியாளர்கள் இன்னும் போதுமான அளவு பேசவில்லை. இரவல் சொல்லைக் கண்டதும் அடிமைத்தனம் என்று எழுதிவிடுவது எளிய வழி. கொச்சிக் கோட்டைப் பகுதியின் தோபிகானாவில் தலைமுறைகளாகத் துணி வெளுக்கும் தமிழ்க் குடும்பங்களின் அமைப்பும் 'வண்ணார் சங்கம்' என்றே அழைக்கப்படுகிறது. அயல் ஊரில் ஊர் என்ற சொல் அவர்களுக்கு உதவாது.

காயல் சம்மேளனத்திற்குப் பின் நிகழ்ந்த ஒன்றைக் கருப்பனின் வாழ்க்கை வரலாறுகள் விரிவாகக் கூறுகின்றன. எறணாகுளத்தில் வேளாண் கண்காட்சி ஒன்று நடந்தது. நெல்லும் காய்கனியும் காட்சிக்கு வந்திருந்தன. அவற்றை விளைத்த புலையர் வரவில்லை, வர முடியாது. கருப்பன் அவர்களை வள்ளங்களில் வரவழைத்து, கரையோரக் காயலிலேயே நிறுத்திவைத்திருந்தார். விளைத்தவர்களைக் காணோமே என்ற பேச்சு மேடையில் எழுந்தபோது, அவர்கள் தண்ணீரில் காத்திருப்பதைத் திவானுக்குச் சுட்டிக்காட்டினார். திவான் அவர்களைக் கரைக்கு அழைத்தார். எறணாகுளத்தின் பொதுத்தரையில் புலையர் கூட்டமாகக் கால் வைத்தது அப்போதுதான் என்பர்.

கொச்சிச் சட்டசபை 1925இல் அமைந்தபோது கருப்பன் அதில் நியமன உறுப்பினரானார். சபைக்குள் இடம் கிடைத்தது. அரசுத் தோட்ட விருந்து ஒன்றுக்கு அழைப்புக் கிடைக்கவில்லை. அதையொட்டி அவர் எழுதிய கவிதை 'உத்யானவிருந்நு'. தோட்டமும் ஒரு தரைதான். பின்னர் பி. சி. சாஞ்சன், கே. பி. வள்ளோன் ஆகிய புலையர் தலைவர்களும் அதே சபையில் நியமன உறுப்பினராக அமர்ந்தனர்.

சம்மேளனம் நடப்பதற்கு ஓராண்டு முன்னர், 1912 சூலையில், போள்காட்டியை அடுத்த முளவுகாட்டுத் தீவில் ஒரு புலையர் குடும்பத்தில் பிறந்தவர் தாட்சாயணி வேலாயுதன். அவர் குடும்பத்தினர் காயற்கூட்டத்திலும் மகாசபையிலும் முன்னின்றவர்கள். 1945இல் கொச்சிச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்ட அவர், அடுத்த ஆண்டு சென்னை மாகாணத்திலிருந்து இந்திய அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1946 திசம்பர் 9ஆம் நாள் தில்லியில் கூடிய அச்சபையில் இருந்த ஒரே தலித் பெண் அவர். எழுதத் தொடங்கிய தன்வரலாற்றிற்குக் கடலுக்குச் சாதியில்லை என்று பொருள்படும் தலைப்பை அவர் வைத்திருந்தார்.